சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

கணினித் திரையில் வெள்ளைத்தாடிக் கிழவன் ஒருவன் கையில் மின்னலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் தலைக்கு மேலே பொற்காசு மழை. "இன்றே சுழற்று, இன்றே வெல்!" என்று எழுத்துகள் மினுங்கின. ஒலிபெருக்கியை அணைத்து வைக்க மறந்திருந்தேன். காசு கொட்டும் சத்தம் ஆய்விதழ் அலுவலகத்தைத் தாண்டி நடைபாதை வரைக்கும் போனது.

"பார்த்தியா ஹென்?" என்றார் உனி ரோஸ்னெலி. "இதுதான் நான் எழுதின கட்டுரையாம்."

நான் ஒலிபெருக்கியை அணைத்தேன். வாயைத் திறந்திருந்தால் அவருக்கு முன்னால் சொல்லக்கூடாத வார்த்தை வந்திருக்கும்.

"எட்டு வருஷம்டா. மலை மலையா ஏறி, கூடை கூடையா மூங்கில் குழாய் தூக்கிட்டு வந்து, எருமைத்தயிருக்குள்ள என்ன நுண்ணுயிர் இருக்குன்னு பார்த்து எழுதினேன். அதுல இந்தத் தாடிக்காரன் இல்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இவன் எப்ப வந்தான்?"

உனி என்றால் அக்கா. எங்கள் பாயாகும்பு ஊரில் மூத்த பெண்கள் எல்லோரும் உனிதான். ஆனால் ரோஸ்னெலியை நான் அப்படிக் கூப்பிடுவதில் கொஞ்சம் பயமும் கலந்திருக்கும். பால்வளத் துறையில் முப்பத்தெட்டு வருடம் பாடம் எடுத்தவர். மூங்கில் குழாயில் தானாக உறையும் எங்கள் எருமைத்தயிரை, அதை டடியா என்போம், உலகத்துக்குச் சொன்னவர். துருக்கியிலும் ஜப்பானிலும் தயிர் ஆராய்கிறவர்கள் அவர் கட்டுரையைப் படிக்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

அவர் கையிலிருந்த கடிதத்தை மேசையில் போட்டார். தலைநகரத்து மதிப்பீட்டுக் குழுவிடமிருந்து வந்தது. பேராசிரியர் பதவிக்கு அவர் காட்டியிருக்கும் முதன்மைக் கட்டுரை அதன் நிலையான எண்ணில் கிடைக்கவில்லை. அந்த எண் சூதாட்டத் தளம் ஒன்றைத் திறக்கிறது. ஏழு நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும்.

"அடுத்த மாசம் முப்பதாம் தேதி எனக்கு அறுபத்தஞ்சு" என்றார் உனி. "பேராசிரியர் ஆனா எழுபது வரைக்கும் இருக்கலாம். ஆகலைன்னா முப்பத்தொண்ணாம் தேதி காலையில ஆய்வகச் சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகணும். அந்த உறைபெட்டிக்குள்ள இருபது வருஷமா சேர்த்த கிருமி இருக்கு. அந்த அறையை யாருக்குக் குடுக்கறதா இருக்காங்கன்னு தெரியுமில்ல?"

தெரியும். துணைவேந்தருக்கு அடுத்த நாற்காலியில் இருக்கும் பாக் எட்வர்மானின் புதிய எண்ணியல், அதாவது டிஜிட்டல், பிரிவுக்கு. பாக் என்றால் ஐயா. உறைபெட்டி இருக்கும் இடத்தில் காபி இயந்திரம் வைப்பதாக வரைபடமே போட்டுவிட்டார்கள்.

"என் கண்ணு முன்னாடி இந்த எண்ணைக் குடுத்தவன் நீ" என்றார் உனி. "என்னென்னமோ சொல்லிக் குடுத்தே. சாகாத எண்ணுன்னு சொன்னே."

சொன்னேன். அந்த எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தவன் நான்தான். ஆறு வருடத்தில் முந்நூற்றுப் பதினெட்டுக் கட்டுரைகள்.

என் அப்பா மாட்டு வியாபாரி. அண்ணனும் மாட்டு வியாபாரி. அவர்களுக்கு நான் செய்யும் வேலையை விளக்க ஒரு நாள் சொன்னேன்: கட்டுரைக்குக் காதில் சீட்டு குத்துகிறேன். மாடு எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் சீட்டைப் படித்தால் அது எந்த மாடு என்று தெரிந்துவிடும். கட்டுரைக்கு டிஓஐ எண் அப்படி. முதலில் பத்து, ஒரு புள்ளி, பிறகு இந்த எண்களைப் பராமரிக்கும் உலகப் பதிவகம் நமக்கென்று ஒதுக்கிய ஐந்து இலக்கம். அப்புறம் ஒரு சாய்கோடு. சாய்கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர்கள் சொன்னபடி. அந்தப் பக்கம் நம் இஷ்டம், என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஒரே நிபந்தனை, ஒரு தடவை எழுதிவிட்டால் பிறகு மாற்றக்கூடாது. கட்டுரை வேறு வலைத்தளத்துக்குக் குடிபோனால் பதிவகத்திடம் புது முகவரியைச் சொன்னால் போதும். எண் அதே எண். உலகத்தில் யார் எங்கே அச்சடித்திருந்தாலும் அழுத்தினால் கட்டுரை வந்து நிற்கும்.

நம் இஷ்டம் என்று விட்ட இடத்தில்தான் வினை தொடங்கியது. புத்தியுள்ளவன் வெறும் எண்ணைப் போட்டுவிட்டுப் போவான். எங்களுக்கு முந்தி எண் வாங்கின மற்றக் கல்லூரிக்காரர்கள் அங்கே தங்கள் கல்லூரிப் பெயரின் சுருக்கத்தைப் போட்டார்கள், பிறகு இதழின் சுருக்கம், தொகுதி, பக்கம். வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவதுபோல. நான் வேலைக்கு வந்தபோது அதுவே வழக்கமாகிவிட்டிருந்தது. நானும் தொடர்ந்தேன். அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

போன வருடம் எங்கள் சாகோ வேளாண் கல்லூரி, நுசாந்தாரா சாகோ பல்கலைக்கழகம் ஆனது. எருமை வெட்டி விருந்து. அன்றைக்கு மேடையில் பாக் எட்வர்மான் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் ஆட்களில் ஓர் ஆண் கல்யாணம் ஆன அன்று பட்டப்பெயர் வாங்குவான். அதற்குப் பிறகு மாமியார் வீட்டில் ஒருவரும் அவனைச் சிறுவயசுப் பெயரால் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் அடிதடிவரை போகும். "நம்ம கல்லூரி வளர்ந்திருச்சு, பட்டம் வாங்கிருச்சு. இனிமே எவனும் பழைய பெயரைச் சொல்லக் கூடாது. கடிதத் தலைப்பிலோ, பேருந்திலோ, கட்டுரை எண்ணிலோ, ஒரு இடத்துலயும் பழைய பெயர் இருக்கக் கூடாது!"

கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. மறுநாள் அவர் அறையில் போய் நின்றேன்.

"பாக், கட்டுரை எண்ணை மட்டும் விட்டுடுங்க. அதுக்குள்ள இருக்கிற பெயரை யாரும் படிக்கிறதில்ல. அது வெறும் குறி."

"மாமனார் வீட்டுல உன்னை ஹென்னுன்னா கூப்பிடறாங்க?"

"எனக்குப் பட்டம் இருக்கு, பாக். ஆனா என் பிறப்புச் சான்றிதழை யாரும் கிழிக்கலையே."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆணையில் கையெழுத்து போட்டார். முந்நூற்றுப் பதினெட்டுக் கட்டுரைக்கும் புதுப்பெயர் வைத்த புது எண்கள். பதிவகக் கணக்கை என்னிடமிருந்து எடுத்து அவர் பிரிவிடம் கொடுத்தார்கள், கடவுச்சொல்லும் மாறியது. பழைய கல்லூரிப் பெயரில் இருந்த வலைமுகவரி அவமானம் என்று கைவிட்டார்கள். கைவிட்ட வீட்டில் யார் குடியேறுவான்? தாடிக்காரன் குடியேறினான். பழைய எண்கள் முந்நூற்றுப் பதினெட்டும் ஒரு வருடமாக அவன் வாசலுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தன. துருக்கியில் எத்தனை மாணவர்கள் தயிரைத் தேடிப் போய்ச் சூதாடினார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் உனியிடம் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"வா" என்றார். "அந்தப் புயுங்கைப் பார்க்கலாம்."

புயுங் என்றால் பொடியன். எட்வர்மானும் உனியும் ஒரே ஊர். அவர் அரைக்கால் சட்டையோடு ஓடிய காலத்தில் உனி கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார். இப்போது அவர் சுத்தான் மாராஜோ என்ற பட்டம் உடையவர். அதை அறைக் கதவில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார். பட்டம் முதலில், முனைவர் இரண்டாவது.

உள்ளே அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். எழுத்தர் பெண் ஒருத்தி கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். உனி எல்லாவற்றையும் இரண்டே நிமிடத்தில் சொன்னார். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், பல் வைத்தியர் நோயாளியின் கதையைக் கேட்பதுபோல.

"இதுல என்ன கஷ்டம் இருக்கு?" என்றார். "விண்ணப்பத்துல பழைய எண்ணை எடுத்துட்டுப் புது எண்ணைப் போடுங்க. புது எண்ணு நல்லாத்தான் வேலை செய்யுது."

"புது எண்ணுக்குப் போன வருஷம்தான் பிறந்தநாள்" என்றேன். "உனியோட கட்டுரையை இருநூத்துப் பதினாலு பேர் எடுத்துக்காட்டியிருக்காங்க. எல்லாரும் பழைய எண்ணைத்தான் அச்சடிச்சிருக்காங்க. புது எண்ணுல போய்ப் பார்த்தா எடுத்துக்காட்டினவங்க எத்தனை பேர்? பூஜ்யம். மதிப்பீட்டுக் குழு அதைத்தானே எண்ணும்?"

"அப்ப அந்த இருநூத்துப் பதினாலு பேருக்கும் எழுதுங்க. மாத்திக்கச் சொல்லுங்க."

உனி மெதுவாக முன்னால் குனிந்தார். "அச்சடிச்ச புத்தகத்துல மாத்தச் சொல்லணுமா? அங்காராவுல இருக்கற நூலகத்துக்குப் போய் அழிரப்பரால அழிக்கணுமா? செத்துப்போன ரெண்டு பேர் இருக்காங்க அந்தப் பட்டியல்ல. அவங்க கல்லறையில கடிதம் வைக்கணுமா?"

"உனி, கோபப்படாதீங்க. ஆணை ஆணைதான். புது எண்ணெல்லாம் தரச்சான்று அறிக்கையில அச்சாகிப்போச்சு. பழைய எண்ணை இனி நாம தொட்டா, அது உயிரோட இருக்குன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி. ஒரு வருஷமா சூதாட்டத்துக்குப் போச்சுன்னும் ஒத்துக்கணும். பல்கலைக்கழகத்துக்கு அவமானம்."

"யாருக்கு அவமானம்?"

"எல்லாருக்கும்."

"எனக்கில்ல. சரி, எழுந்துக்கறேன்" என்று உனி கதவுவரை போனார். எட்வர்மான் நிம்மதியாகக் கோப்பைப் பிரித்தார். அவர் தலை குனிந்ததும் உனி சட்டென்று, மாடு மேய்க்கிறவர் அக்கரைக்குக் குரல் கொடுப்பதுபோல், "புயுங்!" என்று கூப்பிட்டார்.

எட்வர்மான் நிமிர்ந்து பார்த்தார். எழுத்தர் பெண் கோப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"திரும்பினே இல்ல?" என்றார் உனி. "பட்டம் வாங்கி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா இன்னும் நீதான் திரும்பறே, பக்கத்து வீட்டுக்காரன் திரும்பலை. உங்க அம்மா அந்தக் காலத்துல புயுங்குன்னு போட்டு எழுதின கடிதம் இன்னைக்கு வந்தா, தபால்காரன் அதைச் சூதாட்ட விடுதியிலயா போடுவான்? என் கட்டுரைக்கு மட்டும் ஏன்டா அந்த மரியாதை இல்ல?"

எட்வர்மானின் முகம் கருஞ்சிவப்பு ரெண்டாங் இறைச்சிக் குழம்பின் நிறத்துக்கு வந்தது. "வெளியே போங்க" என்றார். "ரெண்டு பேரும்."

அதோடு பேச்சுவார்த்தை முடிந்தது. உனி பேசியதில் ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனால் ஆள் பார்க்க, எழுத்தர் பார்க்க, ஒருவனை மூலையில் தள்ளிவிட்டால் அவன் நஷ்டத்தைப் பார்க்கமாட்டான். மாட்டுச் சந்தையில் பாலகன் படிக்கும் முதல் பாடம் அது. கோபத்தில் எனக்கும் மறந்துபோயிருந்தது.

மற்ற வழிகளைப் பார்த்தேன். பதிவகத்துக்கு எழுதினேன். மறுநாளே பணிவாகப் பதில் வந்தது. கணக்குக்குப் பொறுப்பாளர் முனைவர் எட்வர்மான், சுத்தான் மாராஜோ. அவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு புள்ளியையும் மாற்ற முடியாது. எண்ணியல் பிரிவில் கேட்டேன். அங்கே இருந்த இரண்டு பையன்கள் வாழ்த்துச் சுவரொட்டி செய்துகொண்டிருந்தார்கள். கடவுச்சொல் பாக்கிடம் மட்டும்தான் இருக்கிறது என்றார்கள். துணைவேந்தரைப் பார்க்கப் போனேன். அவர் புனித யாத்திரையில். புதன் போனது, வியாழன், வெள்ளி, சனி போனது. சும்மா இருக்கவில்லை. முந்நூற்றுப் பதினெட்டு வரி கொண்ட ஒரு கோப்பைத் தயார் செய்தேன். ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் பழைய எண், வலது பக்கம் கட்டுரை இப்போது இருக்கும் உண்மையான முகவரி. உள்ளே நுழைந்து அனுப்பினால் ஒரே நொடி வேலை. நுழைய வழி இல்லை.

சனிக்கிழமை உனி தொலைபேசியில் பேசினார். கத்தவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"ஹென், உறைபெட்டியை வைக்க உங்க அண்ணன் வீட்டுல இடம் இருக்குமா? மின்சாரம் அடிக்கடி போகாத இடமா பாரு."

"திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு, உனி."

"சந்தை கலையற நேரத்துல தொழுவம் தேடி ஓடினா உங்கப்பாவே சிரிப்பார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுச் சந்தை. தியாகத் திருநாளுக்கு எட்டு நாள்தான் இருந்தது. மாடும் மனிதனும் தோளோடு தோள். என் அண்ணன் ஷாஃப்னிலுக்குத் துணையாகப் போயிருந்தேன், மனசு எங்கேயோ இருந்தது. எங்கள் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைக் கோத்து, மேலே ஒரு கைலியைப் போர்த்திக்கொள்வார்கள். துணிக்கு அடியில் விரலைப் பிடித்து எண் சொல்வார்கள். ஒரு விரல் ஒன்று, இரண்டு விரல் இரண்டு. ஐந்தைத் தாண்டினால் முழுக் கையையும் அழுத்திவிட்டு மீதி விரல். மூடிய கை என்றால் பூஜ்யம். முகத்தில் ஒன்றும் தெரியாது. வெளியே நாற்பது பேர் நின்றாலும் விலை ஒருவன் காதிலும் விழாது. விலை படியாவிட்டாலும் யாருக்கும் அவமானம் இல்லை. அதற்காகத்தான் அந்தத் துணி.

பத்து மணி இருக்கும். மூன்று வரிசை தள்ளி ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். குரலே சொல்லிவிட்டது. பல்கலைக்கழகத்தின் பலிக்காக மாடு வாங்க வந்திருந்த பாக் எட்வர்மான்.

"என்னய்யா நினைச்சே என்னை? இந்தக் காளையோட காதைப் பாரு. ரெண்டு ஓட்டை! பழைய சீட்டைப் பிடுங்கிட்டுப் புதுசு குத்தியிருக்கே!"

கோமாரி நோய் வந்துபோன பிறகு ஊசி போட்ட ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் மஞ்சள் சீட்டு. அதில் எண். எண்ணைப் பார்த்தால் எந்த ஊர், எப்போது ஊசி, எல்லாம் வந்துவிடும்.

"புது முதலாளி, புதுச் சீட்டு" என்று இழுத்தான் தரகன். "சீட்டு சுத்தமா இருக்கே, தலைவரே."

"முதலாளி மாறினா மாடு மாறுமா? ஊசி போட்டது, நோய் வந்தது, எல்லாம் பழைய எண்ணுலதானே இருக்கு? இந்தப் புது எண்ணுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல! நேத்துப் பிறந்த மாடா இது? இந்த எண்ணை நம்பி எவன்யா வாங்குவான்? திருட்டுப் பயலே!"

ஒரு வருடமாக நான் அவருக்குப் புரியவைக்க முயன்றதை, என்னைவிட நன்றாக, மாட்டுச்சாணத்தில் காலை ஊன்றிக்கொண்டு சொல்லி முடித்துவிட்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி காது மடல் சுட்டது. தெரியாமல் செய்தான் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தேன். இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். மாடு என்றால் தெரியும். உனியின் வாழ்க்கை என்றால் தெரியாது.

அவர் திரும்பி எங்கள் வரிசைக்கு வந்தார். அண்ணனிடம் நின்ற செந்நிறக் காளையைப் பார்த்ததும் கால் நின்றது. காதில் ஒரே ஓட்டை, ஒரே சீட்டு. கொம்பைத் தொட்டார், பல்லைப் பார்த்தார், திமிலைத் தட்டினார். வேண்டும் என்ற ஆசை பின்கழுத்து வரைக்கும் ஏறிவிட்டது.

அண்ணன் கைலியை எடுக்கப் போனார். நான் அதை அவர் தோளிலிருந்து உருவினேன்.

"நான் பேசறேன், ஊடா" என்றேன். அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நீயா? கடைசியா எப்ப மாடு வித்தே?"

"இன்னைக்கு."

எட்வர்மான் என்னைப் பார்த்ததும் தயங்கினார். ஆனால் சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. நல்ல காளைக்குக் கை நீட்டினால் மறுக்கக் கூடாது. கையைக் கொடுத்தார். மேலே துணியைப் போட்டேன். கூட்டம் எங்கள் முகத்தைப் பார்த்தது.

"விலையைச் சொல்லுப்பா" என்று கிசுகிசுத்தார், உதட்டை அசைக்காமல்.

நான் அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்தேன். விட்டேன். பிறகு ஒரு விரல். பிறகு நான்கு.

"இருநூத்துப் பதினாலா? என்ன விலை இது?"

"விலை இல்ல, பாக். உனியோட கட்டுரையை எடுத்துக்காட்டினவங்க" என்று நானும் கிசுகிசுத்தேன்.

கையை இழுத்தார். நான் விடவில்லை. விலை பேசத் தொடங்கின உடனே கையை உருவுவது விற்கிறவனின் முகத்தில் துப்புவதற்குச் சமம். கூட்டத்தில் யாரோ, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். அவர் கையைத் தளர்த்தினார்.

"என்னடா வேணும் உனக்கு?"

"பதிவகக் கணக்கோட கடவுச்சொல். விரலால சொல்லுங்க."

"ஆணையில என் கையெழுத்து இருக்கு."

"இருக்கட்டும். சட்டம் போட்டு மாட்டி வைங்க. நான் எண்ணைத் தொடமாட்டேன். அது போய்ச் சேர்ற இடத்தை மட்டும் மாத்தறேன். பழைய எண்ணும் புது எண்ணும் ஒரே கட்டுரையில போய் நிக்கும். ஒரு கடிதம் இல்ல, ஒரு அறிவிப்பு இல்ல. தாடிக்காரன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா இப்பவே துணியை எடுத்துட்டு, ரெண்டு ஓட்டைக் காதுக் கதையை இந்த நாப்பது பேருக்கும் கட்டுரை சமாசாரத்தோட சேர்த்துச் சொல்லுவேன். இவங்களுக்குப் புரியும். நீங்களே இப்பத்தான் பாடம் நடத்தினீங்க."

"மிரட்டறியா?"

"வியாபாரம், பாக்."

அவர் மேலே பார்த்தார். சாகோ மலைப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கைக்குள் வியர்வை ஊறுவது எனக்குத் தெரிந்தது. காளை ஒருமுறை செருமியது. பிறகு அவருடைய விரல்கள் என் கையைத் தேடி வந்தன.

ஒரு விரல். இரண்டு விரல். மூடிய கை. முழுக் கை அழுத்தி ஒன்று. இரண்டு. மூன்று.

ஒன்று இரண்டு பூஜ்யம் ஆறு இரண்டு மூன்று. போன வருடம் ஜூன் பன்னிரண்டு. எருமை வெட்டிப் பெயர் வைத்த நாள்.

அந்த நொடியில் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை. ஐந்து நாள் அலைந்தேன். ஒரு பெண் தன் இருபது வருட உழைப்பை வைக்க மின்சாரம் போகாத வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். பூட்டு என்னவென்றால், இந்த மனிதர் தன் விருந்துத் தேதியைப் போட்டு வைத்திருக்கிறார். அவர் விரலை முறுக்கிவிட்டேன். வலித்திருக்கும். முகத்தில் காட்டவில்லை, அந்த அளவுக்கு அவரும் சந்தைக்காரர்தான்.

அதற்குப் பிறகு காளைக்கும் விலை பேசினோம். நியாயமாகத்தான் பேசினோம். துணியை எடுத்தபோது இருவரும் சிரித்துக் கைகுலுக்கினோம். கூட்டம் கலைந்தது. அண்ணன் என் காதருகில், "காளைக்கு இவ்வளவு நேரமா?" என்றார்.

சந்தையின் ஓரத்துக் காபிக் கடையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். ஆறு இலக்கம். கதவு திறந்தது. கோப்பை அனுப்பினேன். பதிவகம் கொஞ்ச நேரம் மென்றது. பிறகு முந்நூற்றுப் பதினெட்டும் ஏற்கப்பட்டன என்று வந்தது. உனிக்குத் தொலைபேசி போட்டேன்.

"அழுத்துங்க, உனி. பழைய எண்."

சுட்டி சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கட்டுரையின் முதல் வரியை மெதுவாகப் படித்தார். இரண்டாவது வரியையும் படித்தார். மூன்றாவதில் நின்றார்.

"ஹென், இதுல வெப்பநிலையைத் தப்பா அச்சடிச்சிருக்கீங்க."

"அஞ்சு வருஷமா அப்படித்தான் இருக்கு, உனி."

"அஞ்சு வருஷமா எவனும் கவனிக்கலையா? ஆசிரியர் குழுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்று கத்தத் தொடங்கினார். பத்து நிமிடம் கத்தினார். அந்த வாரத்தில் நான் குடித்த ஒரே நல்ல காபி அதுதான்.

திங்கட்கிழமை காலை விண்ணப்பம் மறுபடியும் தலைநகரத்துக்குப் போனது. மதிப்பீட்டுக் குழு பழைய எண்ணை அழுத்தியது. கட்டுரை வந்தது, அதன் பின்னால் இருநூற்றுப் பதினாலு பேரும் வரிசையாக வந்தார்கள். பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்னால் நியமனக் கடிதம் வந்தது. உறைபெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. காபி இயந்திரத்தை நடைபாதையில் வைத்திருக்கிறார்கள், அது வேலை செய்வதில்லை.

பாராட்டுக் கூட்டத்தில் பாக் எட்வர்மான் பேசினார். நம் பல்கலைக்கழகம் தொலைநோக்குடன் பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒருசேரப் பராமரித்து வருகிறது என்றார். இதைப் பிற நிறுவனங்கள் பின்பற்றலாம் என்றார். எண்ணியல் பிரிவின் இரண்டு பையன்களுக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்திலிருந்தவர், "நீ ஏன் தட்டலை?" என்று கேட்டார். கை வலிக்கிறது என்றேன்.

பிறகு உனி எழுந்தார். மேடையில் எட்வர்மானைப் பார்த்து, முழு மரியாதையோடு, "சுத்தான் மாராஜோ அவர்களே" என்று தொடங்கினார். அவருக்கு உச்சி குளிர்ந்தது. பேராசிரியர் என்ற முறையில் தன் முதல் தீர்மானம் என்று உனி ஒரு தாளைப் படித்தார். இனிமேல் கட்டுரை எண்ணில் சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் கல்லூரியோ பல்கலைக்கழகமோ எந்தப் பெயரும் வரக்கூடாது, வெறும் எண் மட்டும். மறுக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. நிறைவேறியது.

எனக்குக் கோபம் தீரவில்லை. மற்ற முந்நூற்றுப் பதினேழு கட்டுரையை எழுதியவர்களுக்கு, ஒரு வருடம் தங்கள் எண் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று இன்றுவரை தெரியாது. சொல்லமாட்டேன் என்று துணிக்கு அடியில் ஒத்துக்கொண்டேன்.

இப்போது சொல்லிவிட்டாயே என்று கேட்பீர்கள். எங்கள் சந்தையின் சட்டம் ஒன்றுதான்: துணிக்கு அடியில் பேசிய விலையை வெளியே சொல்லக்கூடாது. அந்தச் செந்நிறக் காளையின் விலையை நான் இங்கே எங்கும் சொல்லவில்லை.